கல்லுக்கும் காப்பு வேண்டுமா?

கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். தசரதச் சக்கரவர்த்தி மகப்பேறு வேண்டி வழிபட்டதாகத் தலபுராணம் போற்றும் புத்திரகாமேட்டீஸ்வரர் திருக்கோயில் இவ்வூரின் புதுக்காமூர்ப் பகுதியில் உள்ளது. அன்னை ரேணுகாம்பாள் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் படவேடும் தொலைவில் இல்லை. தறியோசையும் கோயில் மணியோசையும் ஒருங்கே கேட்டு வளர்ந்த குடும்பங்கள் வாழும் ஊர் இது.

சாணம் மெழுகிய மண் தரையும், சிவப்புக் காவி இட்ட சிமென்ட் தரையும் இருந்த வீடுகளில் இன்று மெருகேற்றிய கிரானைட்டும் பளிங்கும் இடம்பெற்றுள்ளன. பூஜை அறைக்கென்று வெண்ணிறக் கல்லைத் தேடி வாங்கிப் பதிப்போரும் உண்டு. புதுமனை புகுவிழா முடிந்து சில திங்கள் கழிந்ததும் அந்த வெண்கல்லில் விளக்கெண்ணெய்க் கறை வட்டமாகத் தெரியும். குங்குமம் சிந்திய இடம் சிவந்து நிற்கும். எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றிய இடம் ஒளி மங்கிப்போகும். கல் விற்பவரிடம் கேட்டால், “சீலர் அடித்தால் எந்தக் கறையும் பிடிக்காது” என்ற விடை கிடைக்கும். சீலர் என்பது கல்லின் நுண்துளைகளை அடைக்கப் பூசும் ஒரு திரவம். அது எல்லாக் கல்லுக்கும் தேவையா, எவ்வகையைப் பூசுவது, எங்கே பூசவே கூடாது என்பவற்றை அறிந்தபின் முடிவெடுப்பதே நல்லது. வீட்டுத் தரையோடு முடிந்துவிடும் செய்தியும் அன்று இது. கோயிலுக்குத் தரை அமைத்துத் தர உபயம் செய்ய நினைக்கும் பெரியோரும் சிந்திக்க வேண்டிய பொருள் இதில் அடங்கியுள்ளது.

கல்லும் நீர் குடிக்கும்

கல் என்றால் கெட்டியான பொருள், அதனுள் எதுவும் புகாது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் எல்லாக் கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் அளவும் எண்ணிக்கையும் கல்லுக்குக் கல் வேறுபடும். கட்டடத்துக்கு ஏற்ற கிரானைட் தன் எடையில் 0.40 விழுக்காட்டுக்கு மேல் நீரை ஏற்கலாகாது என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு வரையறை செய்துள்ளது. நூறு கிலோ கல் நானூறு கிராம் நீருக்கு மேல் குடிக்கலாகாது என்பது இதன் பொருள்.

சிற்பிகள் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். திருமேனி வடிக்கக் கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அதனைத் தட்டி ஓசை கேட்பது சிற்பநூல் மரபு. மணிபோல் ஒலிக்கும் கல்லே தெய்வத் திருமேனிக்கு ஏற்றது. உள்ளே பிளவோ தளர்ச்சியோ உள்ள கல் மங்கிய ஓசை தரும், ஆதலின் அது விலக்கப்படும். நாள்தோறும் பாலும் தயிரும் தேனும் இளநீரும் ஆடும் திருமேனிக்குச் செறிவான கருங்கல்லைத் தேர்ந்தனர் நம் முன்னோர். தேர்ந்தெடுத்த கல் நல்லதாக இருந்தால் மேற்பூச்சுக்குத் தேவையே எழுவதில்லை.

வீட்டுத் தரைக்கும் சமையல் மேடைக்கும் இன்று வரும் கற்களை மூன்று வகையாகக் கொள்ளலாம். முதலாவது, கறுப்பு கிரானைட் போன்ற கருநிறச் செறிவுக் கற்கள். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பகுதிக் கறுப்புக் கல் இதற்கு எடுத்துக்காட்டு. இவை நீரையும் எண்ணெயையும் எளிதில் ஏற்பதில்லை. இரண்டாவது, வெளிர் நிற கிரானைட். ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் விற்கப்படும் கல் பெயரளவில்தான் காஷ்மீரத்தைச் சேர்ந்தது, வெட்டி எடுக்கப்படுவது தமிழகத்தில். பார்வைக்கு அழகிய இக்கல் நீரையும் எண்ணெயையும் சற்று விரைவாக உறிஞ்சும் இயல்புடையது. மூன்றாவது, சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. மக்ரானா பளிங்கும், கடப்பைக் கல்லும், கோட்டா கல்லும் இவ்வகை. இவற்றுக்குக் கறையைவிடப் புளிப்பே பெரும்பகை.

கறை வேறு, அரிப்பு வேறு

சீலர் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் விளைவது. எண்ணெயோ மஞ்சள் நீரோ கல்லின் துளைகளுக்குள் இறங்கித் தங்குவது கறை. எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், தயிர் ஆகியவற்றின் அமிலம் சுண்ணாம்புக் கல்லோடு வினைபுரிந்து மேற்பரப்பையே சிறிது கரைத்துவிடுவது அரிப்பு. அரிப்பு ஏற்பட்ட இடம் மங்கலாகத் தெரியும். அங்கே துடைத்து அகற்றுவதற்கு எதுவும் இராது, ஏனெனில் அங்கிருந்த மெருகே போய்விட்டது.

உள்ளிறங்கும் சீலர் கறையைத் தடுக்கும், அரிப்பைத் தடுக்காது. பளிங்குத் தரையில் எவ்வளவு விலையுயர்ந்த சீலரைப் பூசினாலும், எலுமிச்சம்பழ மூடி பட்ட இடம் மங்கத்தான் செய்யும். அதற்கு எளிய பரிகாரம், விளக்குக்கும் அபிஷேகத்துக்கும் அடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம் வைப்பதே. வீட்டில் பளிங்கால் ஆன விக்கிரகங்களை வழிபடுவோரும் தயிரையும் எலுமிச்சைச் சாற்றையும் அவற்றின்மேல் ஆட்டுவதைத் தவிர்த்துத் தூய நீரால் நீராட்டினால், திருமுகத்தின் பொலிவு நீண்ட நாள் நிலைக்கும்.

துளி நீர் சொல்லும் தீர்ப்பு

தம் வீட்டுக் கல்லுக்குச் சீலர் தேவையா என்று அறிய வல்லுநர் எவரையும் நாட வேண்டியதில்லை. துடைத்து உலர்ந்த கல்லின்மேல் ரூபாய் நாணய அளவில் சில துளி நீர் விட வேண்டும். கால் மணி நேரம் சென்றபின் நீரைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அவ்விடம் சற்றும் கறுக்காமல் சுற்றியுள்ள நிறத்திலேயே இருந்தால் அக்கல்லுக்குச் சீலர் வேண்டுவதில்லை. ஈரத்தடம் கறுத்துத் தெரிந்தால் கல் நீரைக் குடிக்கிறது என்பது உறுதி. சில நிமிடங்களிலேயே கறுத்துவிடும் கல்லுக்குக் காப்பு அவசியம். கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு துளி எண்ணெய் விட்டும் இவ்வாறே பார்க்கலாம். புதிய கல் வாங்குவோர் கடையிலேயே ஒரு துண்டைப் பெற்று வந்து வீட்டில் இச்சோதனையைச் செய்துவிட்டால் பின்னர் வருந்த நேராது.

நீரே ஏற்காத கறுப்புக் கல்லின்மேல் சீலரைப் பூசினால், உள்ளே போக இடமின்றி அது மேலேயே தங்கி வெண்படலமாக உலரும். தேவையற்ற செலவோடு கல்லின் அழகும் கெடும்.

பட்டு கற்பிக்கும் பாடம்

சந்தையில் கிடைக்கும் பூச்சுகள் இரு வகைப்படும். ஒன்று, கல்லின்மேல் படலமாகப் படிந்து நிற்பது. அக்ரிலிக், பாலியூரித்தேன், மெழுகு முதலியவை இதில் அடங்கும். மற்றொன்று, துளைகளுக்குள் இறங்கி அவற்றின் சுவர்களில் ஒட்டிக்கொண்டு, நீரும் எண்ணெயும் உட்புகாமல் தடுப்பது. சைலேன், சைலாக்சேன் முதலிய சேர்மங்களால் ஆனது இது.

ஆரணி நெசவாளர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். கூட்டிலிருந்து எடுத்த கச்சாப் பட்டு நூலின்மேல் செரிசின் என்னும் பசை போர்த்தியிருக்கும். நூலின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு இப்பசையே. அது இருக்கும்வரை நூல் விறைத்தும் மங்கியும் தோன்றும். சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிநீரில் காய்ச்சிப் பசையை நீக்கிய பிறகே பட்டின் இயல்பான ஒளி வெளிப்படும். சாயமும் அதன்பின் நூலின் உள்ளே இறங்கி நிலைக்கும். மேலே போர்த்துவது ஒளியை மறைக்கும், உள்ளே இறங்குவதே நிலைக்கும். கல்லுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

படலப் பூச்சு தொடக்கத்தில் கண்ணைப் பறிக்கும். நடமாட்டத்தில் அது கீறும், சில ஆண்டுகளில் மஞ்சளாகும், ஓரங்களில் உரியும். தரையின் கீழிருந்து மேலெழும் ஈரம் வெளியேற வழியின்றி அடியில் தங்கும். காமாட்சி விளக்கின் வெப்பத்திலும் கற்பூரத்தின் சூட்டிலும் அப்படலம் இளகவும் கருகவும் கூடும். ஈரம் பட்டால் வழுக்குவதும் மிகும். உள்ளிறங்கும் வகையோ கல்லின் தோற்றத்தைப் பெரிதும் மாற்றாது, நீராவி வெளியேறவும் இடம் தரும். ஆகவே பூஜை அறைக்கும் சமையல் மேடைக்கும் உள்ளிறங்கும் வகையே உகந்தது.

பூசும் முறை

புதிதாகப் பதித்த தரையாயின் அடியிலுள்ள கலவையின் ஈரம் முற்றிலும் காயச் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் அமிலமோ காரமோ இல்லாத மென்மையான சோப்பு நீரால் கழுவி, ஒன்றிரண்டு நாள் நன்கு உலரவிட வேண்டும். முதலில் ஒரு மூலையில் சிறிதளவு பூசி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது முறை. அதன்பின் மெல்லிய துணியால் சீராகப் பூசிப் பத்து முதல் பதினைந்து நிமிடம் உள்ளிறங்க விட்டு, மேலே எஞ்சியதை உலர்ந்த பருத்தித் துணியால் முற்றிலும் துடைத்து எடுத்துவிட வேண்டும். துடைக்காது விட்ட சீலரே வெண்படலமாகி நிற்கிறது. ஒரு நாள் முழுதும் அவ்விடத்தில் நீர் படலாகாது. புட்டியில் அச்சிட்டுள்ள கால அளவு இதற்கு மாறாக இருப்பின் அதனையே பின்பற்ற வேண்டும்.

பூஜை அறையில் ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். சீலர்களில் பலவும் எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களில் கலக்கப்பட்டவை. பூசும் வேளையில் விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் எதுவும் எரியக் கூடாது. அடுப்பும் அணைந்திருக்க வேண்டும். சன்னல்களைத் திறந்து வைத்து, வாடை முற்றிலும் நீங்கிய பிறகே மீண்டும் விளக்கேற்ற வேண்டும். மூச்சுத் திணறல் உள்ள முதியோர் அன்று வேறு அறையில் இருப்பது நலம்.

இக்காப்பு நிரந்தரமானதும் அன்று. ஆண்டுக்கு ஒருமுறை அதே துளி நீர்ச் சோதனையைச் செய்து, கல் மீண்டும் நீர் குடிக்கத் தொடங்கினால் மட்டும் மறுமுறை பூசினால் போதும்.

முன்பே பிடித்த கறையின்மேல் சீலரைப் பூசினால் கறையும் உள்ளேயே சிறைப்படும். எண்ணெய்க் கறையாயின் முல்தானி மிட்டியையோ சமையல் சோடாவையோ நீரில் குழைத்துக் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு நாள் சென்றபின் தாளை நீக்கி உலரவிட்டு எடுக்கலாம். உலரும் பற்று கறையைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். தாஜ்மகாலின் பளிங்குச் சுவர்களில் படிந்த மாசை நீக்கத் தொல்லியல் துறை 1994 முதல் சில முறை மேற்கொண்ட மண் பற்று முறையும் இதே தத்துவத்தில் அமைந்ததே. மஞ்சள் கறை வெயில் பட்டால் தானே வெளிறும். கழிவறை அமிலமும் எலுமிச்சையும் புளியும் கொண்டு பளிங்கைத் தேய்ப்பது நோயினும் கொடிய மருந்தாகும்.

அஷ்டபந்தனம் காட்டும் வழி

கல்லை நீரினின்று காக்கும் கலை நம் ஆலயங்களுக்குப் புதிதன்று. கருவறையில் திருமேனியைப் பீடத்தில் நிலைநிறுத்தும்போது சாத்தப்படும் அஷ்டபந்தன மருந்து அத்தகையதே. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் சேர்த்து நெடுநேரம் இடித்துப் பதமாக்கப்படும் அம்மருந்து, திருமேனிக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள இணைப்பை அடைக்கிறது. அபிஷேக நீர் கீழிறங்கி யந்திரத்தையும் நவரத்தினங்களையும் அடையாதபடி காக்கிறது. காலப்போக்கில் அது இறுகி வெடிக்கும் என்பதால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தின்போது புதுப்பிக்கப்படுகிறது.

இம்மருந்து எங்கே சாத்தப்படுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. கல்லும் கல்லும் கூடும் இணைப்பில் அது சாத்தப்படுகிறது, திருமேனி முழுதும் பூசப்படுவதில்லை. நீர் புகும் வழி எதுவோ அதனை மட்டும் அடைத்து, கல்லை அதன் இயல்பில் விட்டுவிடுகிறது நம் மரபு. திருமேனிக்குச் சாத்தும் எண்ணெய்க்காப்பும் சந்தனக்காப்பும் அபிஷேகத்தோடு களையப்படுகின்றன. நிலையாக ஒட்டிக்கொள்ளும் பூச்சுக்கு அங்கே இடமில்லை.

இன்றும் இந்நெறி பொருந்தும். அபிஷேகம் நடைபெறும் எந்த விக்கிரகத்தின்மேலும், வீட்டிலாயினும் கோயிலிலாயினும், இரசாயனச் சீலரைப் பூசக் கூடாது. அபிஷேகத் தீர்த்தத்தைக் குழந்தைகளும் முதியோரும் அருந்துகின்றனர் என்பதை நினைத்தாலே காரணம் விளங்கும்.

பழங்கல்லைப் பழங்கல்லாகவே விடுதல்

பழைய ஆலயங்களின் கல்லில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. நூற்றாண்டுகளாக வெயிலும் மழையும் பட்ட கல்லுக்குள் உப்பு தங்கியிருக்கும். ஈரம் வெளியேறும் வழியை மேற்பூச்சால் அடைத்தால் அவ்வுப்பு பூச்சின் அடியில் படிகமாகி, கல்லின் தோலையே உரித்துத் தள்ளும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் கடற்காற்று கொண்டுவந்த உப்பை நீக்கத் தொல்லியல் துறையினர் ஈரமான காகிதக் கூழைச் சுவரில் அப்பி, உலர்ந்தபின் உரித்தெடுத்தனர். முதலில் உப்பை வெளியேற்ற வேண்டும் என்பதே அவர்கள் கண்ட முறை.

கடல் கடந்தும் இப்பாடம் கற்கப்பட்டது. எகிப்திலிருந்து நியூயார்க் கொண்டுசெல்லப்பட்டு 1881இல் நிறுத்தப்பட்ட ஒற்றைக்கல் தூண் செந்நிற கிரானைட்டால் ஆனது. சில ஆண்டுகளிலேயே அதன் மேற்பரப்பு உதிரத் தொடங்கியதால், 1885இல் கல்லைச் சூடாக்கி மெழுகு ஏற்றினர். அதற்கு முன்னதாகவே தளர்ந்த கற்செதில்களையும் அவற்றிலிருந்த எழுத்துகளையும் இழக்க நேர்ந்தது. மூவாயிரம் ஆண்டு நின்ற கல்லும் உள்ளே புகுந்த உப்பாலும் ஈரத்தாலும் தளரக்கூடும் என்பதை அது உணர்த்தியது.

தமிழகக் கோயில்களில் கல்லைத் தூய்மை செய்வதாகக் கருதி மணலை விசையுடன் வீசித் தேய்த்த காலமும் இருந்தது. கல்லின் இறுகிய மேல்தோலும், உளியின் நுண்வேலையும், கல்வெட்டு எழுத்துகளும் அதனால் தேய்ந்தன. பின்னர் அம்முறை தடை செய்யப்பட்டது. கோயில்களின் தொன்மையைக் காப்பது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. அறநிலையத் துறையின் திருப்பணிகளுக்கு வல்லுநர் குழுக்களின் ஒப்புதலும் இன்று தேவைப்படுகிறது.

உபயம் அளிக்க விரும்புவோர்க்கு

பேரன் பேத்திகள் நல்ல நிலைக்கு வந்தபின் குலதெய்வக் கோயிலுக்கோ ஊர்க் கோயிலுக்கோ ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் முதியோர்க்கு எழுவது இயல்பு. ‘பிரகாரம் முழுவதும் பளபளக்கும் கிரானைட்’ என்பது அவ்வெண்ணங்களில் ஒன்றாகப் பல ஊர்களில் காணப்படுகிறது. நோக்கம் தூயது, எனினும் அதன் விளைவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய கற்றளத்தின் இணைப்புகள் வழியே மண்ணின் ஈரம் ஆவியாகி வெளியேறிக்கொண்டிருக்கும். அதன்மேல் சிமென்ட் இட்டு மெருகேற்றிய கல்லைப் பதித்தால் அந்த ஈரம் பக்கத்துச் சுவர்களிலும் தூண்களிலும் ஏறும். கோடையில் கருநிறத் தளம் கால் சுடும். பல கோயில்களில் நடைபாதையின்மேல் வெப்பம் குறைக்கும் வெண்பூச்சு அடிக்கப்படுவதைப் பக்தர்கள் கண்டிருப்பர். மழைக்காலத்தில் அதே தளம் வழுக்கும். எண்ணெயும் நீரும் சிந்தும் இடத்தில் மெருகுத் தரையும், அதன்மேல் படலச் சீலரும் இருந்தால், வலம் வரும் எழுபது வயது அடியார் ஒருவரின் இடுப்பெலும்பு முறிய ஒரு நொடி போதும். உளியால் பொளிந்து சொரசொரப்பாக விடப்பட்ட பழைய தளம் அவ்வாறு வழுக்கியதில்லை.

புதிய தளம் அமைத்தே ஆக வேண்டிய இடத்தில், மேற்பரப்பை உளியாலோ நெருப்புச் சுவாலையாலோ சொரசொரப்பாக்கிய கல்லைக் கேட்டு வாங்குவது நலம். அதற்கும் முன்னதாகக் கோயில் செயல் அலுவலரை அணுகி முறையான அனுமதி பெற்றாக வேண்டும். தளத்துக்கு ஒதுக்கிய தொகையைக் கைப்பிடிக் கம்பிகளுக்கும், தேங்கும் நீர் வடியும் வாய்க்காலுக்கும், எண்ணெய் சிந்தாதபடி விளக்கேற்றும் மேடைக்கும் அளித்தாலும் அது குறைந்த புண்ணியமன்று. தள்ளாத கால்கள் தடுமாறாமல் சந்நிதியை வலம் வந்து சேர அவை ஆண்டாண்டுக் காலம் துணை நிற்கும்.